'டிஸ்பேரிஜ்' என்ற வினைச்சொல்லுக்குப் பின்னால் 'அபௌட்' வருமா?

அகல்விளக்கு

எல்லோருக்கும் வணக்கம். எச்ஆருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது, ஆங்கிலத்தில். மூன்று மாதம் உட்கார்ந்து தயாரித்த அறிக்கையை எங்கள் மேலாளர் ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டிப் பேசினார். அதை இப்படி எழுதியிருக்கிறேன்:

'மை மேனேஜர் டிஸ்பேரிஜ்ட் அபௌட் மை ரிப்போர்ட் இன் தி மீட்டிங்.'

படித்துப் பார்த்த தோழி, 'அபௌட்' தவறு என்கிறாள். இன்னொரு நண்பர், அந்தச் சொல்லே வேண்டாம், 'கிரிட்டிசைஸ்ட்' என்று போட்டால் போதும் என்கிறார். எனக்கு 'கிரிட்டிசைஸ்' மிகவும் லேசாகத் தெரிகிறது. நடந்தது வெறும் விமர்சனம் இல்லை. எது சரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

நிரலன்

'அபௌட்'டை எடுத்துவிடுங்கள். 'டிஸ்பேரிஜ்ட் மை ரிப்போர்ட்', அவ்வளவுதான். நேரடியாகச் செயப்படுபொருள் வாங்கும் வினை.

பழுப்புத்தாள்

நிரலன் சொன்னது சரி. ஆனால் இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை வராது. இருபது வருடமாக மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். நம் ஆட்கள் எழுதும் ஆங்கிலத்தில் இதே தவறை எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன்.

தமிழில் நாம் 'என் அறிக்கையைப் பற்றி மட்டமாகப் பேசினார்' என்கிறோம். வினை 'பேசினார்'. மட்டம் என்பது அந்தப் பேச்சின் தன்மை. அந்தப் 'பற்றி'தான் ஆங்கிலத்தில் 'அபௌட்' ஆகி வந்து உட்காருகிறது. 'டிஸ்பேரிஜ்' என்ற சொல்லுக்குள் பேச்சும் மட்டமும் இரண்டுமே அடக்கம். 'இகழ்ந்தார்' மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 'என் அறிக்கையைப் பற்றி இகழ்ந்தார்' என்று எழுத மாட்டோம், 'என் அறிக்கையை இகழ்ந்தார்' என்றுதான் எழுதுவோம். அதே கணக்கு.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சொல் பெயரடையாக வரும்போது 'அபௌட்' சரியாகவே வரும். 'ஹி மேட் டிஸ்பேரிஜிங் ரிமார்க்ஸ் அபௌட் மை ரிப்போர்ட்' என்பது சுத்தமான ஆங்கிலம். அங்கே 'அபௌட்' ஒட்டுவது 'ரிமார்க்ஸ்' என்ற பெயர்ச்சொல்லோடு. அதை எங்கோ படித்த நினைவில் வினையோடும் சேர்த்துவிடுகிறோம். சொல்லப்போனால், இந்தச் சொல்லை வினையாகப் பார்ப்பதைவிட இந்த 'டிஸ்பேரிஜிங் ரிமார்க்ஸ்' வடிவத்தில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

'கிரிட்டிசைஸ்' பக்கமும் இதே மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. 'ஹி கிரிட்டிசைஸ்ட் மீ தட் ஐ வாஸ் லேட்' என்று எழுதுகிறார்கள். 'தாமதமாக வந்தேன் என்று குறை சொன்னார்' என்ற தமிழ் வாக்கியத்தின் 'என்று'தான் அந்த 'தட்'. ஆங்கிலத்தில் 'கிரிட்டிசைஸ்ட் மீ ஃபார் பீயிங் லேட்' என்று 'ஃபார்' போட்டுத்தான் வரும். 'ஹி கிரிட்டிக்ட் மீ' என்பதும் காதில் விழுகிறது. 'கிரிட்டிக்' என்பது விமர்சகர், ஆள். ஒரு படைப்பை விரிவாக ஆராய்வதற்கு 'கிரிட்டீக்' என்று நீட்டி ஒலிக்கும் வேறு சொல் இருக்கிறது. அது வினையாகவும் வரும்.

இலக்கணம் இவ்வளவுதான். அகல், உங்கள் கடிதத்துக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன்.

செம்பருத்தி

உச்சரிப்பையும் சொல்லிவிடலாம். 'டிஸ்பரேஜ்' என்று கடைசியில் 'ஏஜ்' போட்டுப் பலர் சொல்கிறார்கள். அழுத்தம் இரண்டாவது அசையில், முடிவு 'மேரிஜ்' மாதிரி 'இஜ்'. 'டிஸ்-பேர்-இஜ்'.

பழுப்புத்தாள்

செம்பருத்தி, 'மேரிஜ்' என்று நீங்கள் உதாரணம் சொன்னது நல்ல பொருத்தம். இந்தச் சொல்லின் பிறப்பே கல்யாணத்தில்தான். பழைய பிரெஞ்சில் 'பராஜ்' என்றால் சம அந்தஸ்து. தன் அந்தஸ்துக்குக் கீழே உள்ளவருக்கு ஒருவரைக் கட்டிவைப்பதைத்தான் முதலில் இந்த வினையால் குறித்தார்கள். 1215-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மன்னர் ஜான் முத்திரையிட்ட மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் ஆறாவது பிரிவு, வாரிசுகளுக்கு மணம் முடிக்கும்போது இந்த 'டிஸ்பேரிஜ்மென்ட்' இருக்கக் கூடாது என்கிறது. தந்தையை இழந்த வாரிசு பிரபுவின் பொறுப்பில் வளரும். அந்தப் பொறுப்பை வைத்து, அந்தப் பிள்ளையைத் தாழ்ந்த இடத்தில் தள்ளிவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது.

'பேரிட்டி', 'பியர்', கோல்ஃப் ஆட்டத்தில் சொல்லும் 'பார்', எல்லாவற்றுக்கும் ஒரே லத்தீன் வேர். 'சமம்' என்று பொருள். ஆக 'டிஸ்பேரிஜ்' என்றால் ஒருவரை அவருக்கு உரிய சம இடத்திலிருந்து கீழே இறக்குவது.

இப்போது அகலுக்குச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். 'கிரிட்டிசைஸ்' லேசு, 'டிஸ்பேரிஜ்' கனம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எடை வித்தியாசம் இல்லை அது. இரண்டும் வேறு வேறு செயல்கள். 'கிரிட்டிசைஸ்' என்பதன் கிரேக்க வேர் பிரித்துப் பார்ப்பது, தீர்ப்பது என்ற பொருளில் வருவது. குறை சொன்னார் என்று மட்டும் அது தெரிவிக்கும். அந்தக் குறை நியாயமா இல்லையா என்பதைப் பற்றி எழுதுகிறவர் எதுவும் சொல்வதில்லை. மிகக் கடுமையாகவும் கிரிட்டிசைஸ் செய்யலாம், அது முழுக்க நியாயமாகவும் இருக்கலாம். 'டிஸ்பேரிஜ்' என்று எழுதினால், அவர் பேசியது நியாயமில்லை, தாழ்த்திப் பேசினார் என்ற தீர்ப்பையும் சேர்த்தே எழுதுகிறீர்கள். 'பிலிட்டில்', 'டெனிக்ரேட்' எல்லாம் இதே வகை. யாரும் 'நான் உங்கள் வேலையை டிஸ்பேரிஜ் செய்கிறேன்' என்று தன் வாயால் சொல்வதில்லை. 'அப்படி நினைக்க வேண்டாம்' என்று மறுப்பதற்குத்தான் தன்னைக் குறித்துச் சொல்வார்கள்.

கடிதத்தைப் படிக்கிற எச்ஆர் அதிகாரி முதல் வரியிலேயே தீர்ப்பைப் பார்த்தால் சாட்சியத்தைத் தேடுவார். அது இல்லையென்றால் உங்கள் சொல்லையே சந்தேகிப்பார். அதனால் அவர் என்ன சொன்னார் என்று முதலில் எழுதுங்கள். உண்மையில் என்னதான் சொன்னார்?

அகல்விளக்கு

அக்கா, இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி. அவர் சொன்னது இவைதான்.

மூன்றாம் பக்கத்து அட்டவணையில் இரண்டு எண்கள் பொருந்தவில்லை என்றார். அது உண்மை, நான் திருத்திவிட்டேன். முடிவுரை நீளம் என்றார். பிறகு அறிக்கையை மேசையில் என் பக்கம் தள்ளி, 'இதை ஒரு ஸ்கூல் பையனே எழுதிவிடுவான், இதற்கா மூன்று மாதம்' என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் எதுவும் பேசவில்லை.

படிக்கட்டு

அந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள் அம்மா. முதல் இரண்டும் 'கிரிட்டிசிசம்'. மூன்றாவதுதான் 'டிஸ்பேரிஜ்' செய்தது. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டால், 'எண் தவறு என்று சுட்டிக்காட்டியதையா புகார் செய்கிறீர்கள்?' என்று கேட்டு முழுக் கடிதத்தையும் ஓரம் கட்டிவிடுவார்கள்.

நான் ஒப்பந்தங்கள் படிக்கும் வேலையில் இருந்தவன். 'நான்-டிஸ்பேரிஜ்மென்ட்' என்று ஒரு பிரிவு, வேலையை விட்டுப் போகும்போது போடும் உடன்படிக்கைகளில் வரும். நிறுவனத்தைத் தாழ்த்திப் பேச மாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். பலர் இதை அவதூறு என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். அவதூறு வழக்கில் பொதுவாகச் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும். இந்தப் பிரிவோ, எழுதியிருக்கும் விதத்தைப் பொறுத்து, உண்மையைச் சொல்வதையும் தடுத்துவிடலாம். உண்மையாகவே இருந்தாலும் மதிப்பைக் குறைத்தால் அது 'டிஸ்பேரிஜ்' ஆகிவிடும் என்று வாதிட இடம் இருக்கிறது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்களிடமும் அச்சடித்த ஒப்பந்தத்தில் இப்படி எழுதி வாங்கி, மோசமான மதிப்புரை போட்டவர்களை மிரட்டினார்கள். 2016-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, மதிப்புரை எழுதுவதைத் தடுக்கும் அத்தகைய பிரிவுகள் செல்லாது என்று ஆக்க வேண்டியிருந்தது.

செம்பருத்தி

எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. பழுப்புத்தாள் அக்கா சொல்கிறபடி நடுநிலையாகவே எழுதிக்கொண்டு போனால், அவமானப்பட்டவர் தனக்கு நடந்ததற்குப் பெயரே வைக்க முடியாமல் போய்விடாதா? ஒருவர் நம்மைச் சிறுமைப்படுத்துகிறார். நாம் உட்கார்ந்து 'கருத்துத் தெரிவித்தார்' என்று எழுதுகிறோம். அந்த மரியாதை அவருக்குத்தான் லாபம். சொல்லுக்குள் தீர்ப்பு இருக்கிறது என்றால், அந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை பட்டவருக்கு உண்டுதானே? நானும் இப்படி ஒரு இடத்தில் வருடக்கணக்கில் 'சின்னச் சின்னக் கருத்து வேறுபாடு' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

பழுப்புத்தாள்

செம்பருத்தி, நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். என் பதிலில் அந்தப் பாதி விட்டுப்போயிற்று. பெயர் வைக்கத்தான் வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வாக்கியத்தில், உங்கள் குரலில் வையுங்கள். அந்த இடத்துக்கு 'டிஸ்பேரிஜ்'ஐவிடப் பொருத்தமான சொல் 'பிலிட்டில்'.

'டிஸ்பேரிஜ்' கொஞ்சம் சம்பிரதாயமான சொல். பெரும்பாலும் வேலை, பொருள், புகழ், ஒரு கூட்டத்தார் என்று எதன் மதிப்பையாவது குறைத்துப் பேசுவதைச் சொல்லும். அவர் இல்லாத இடத்திலும் அவரை டிஸ்பேரிஜ் செய்யலாம். 'பிலிட்டில்' ஆளுக்கு நெருக்கமாக வரும். எதிரில் இருப்பவரைச் சிறியவராக உணரவைப்பது. அதனால்தான் 'ஐ ஃபெல்ட் பிலிட்டில்ட்' என்று இயல்பாகச் சொல்ல முடிகிறது. 'ஐ ஃபெல்ட் டிஸ்பேரிஜ்ட்' என்று யாராவது எழுதினால் இலக்கணம் தவறில்லை, ஆனால் காதுக்கு ஒட்டவில்லை.

'பிலிட்டில்' சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. 'லிட்டில்' முன்னால் 'பி' சேர்த்து வினையாக்கியது. 'ஃபிரெண்ட்' முன்னால் சேர்ந்து 'பிஃபிரெண்ட்' ஆவது மாதிரி. அச்சில் கிடைக்கும் முதல் பயன்பாடு, பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சனுடையது. 1780-களில் வர்ஜீனியா பற்றி அவர் எழுதிய நூலில் வருகிறது. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் புஃபோன், அமெரிக்கக் கண்டத்து விலங்குகள் பழைய உலகத்து விலங்குகளைவிடச் சிறுத்துப்போனவை என்று எழுதியிருந்தார். அட்லாண்டிக்கின் இந்தக் கரையில் இயற்கை தன் படைப்புகளைச் சிறிதாக்குகிறது என்ற புஃபோனின் கொள்கையைக் குறிப்பிடும் இடத்தில் ஜெஃபர்சன் இந்தச் சொல்லைப் போட்டார். ஆக முதலில் அது உடல் அளவைப் பற்றிய சொல்தான். விலங்குகளின் எடைகளைப் பட்டியல் போட்டு எதிர்த்தார். போதாமல், 1787-இல் ஒரு பெரிய மூஸ் மானின் எலும்புக்கூட்டையும் தோலையும் பாரிஸுக்கே வரவழைத்துப் புஃபோனுக்கு அனுப்பினார்.

அதே 1787-இல் லண்டன் இதழ் ஒன்று அந்த நூலுக்கு மதிப்புரை எழுதியபோது, 'பிலிட்டில்' என்பதெல்லாம் ஒரு சொல்லா, எங்களால் பொருளை ஊகிக்கத்தான் முடிகிறது என்று ஏளனம் செய்தது. சிறுமைப்படுத்துவதற்கான சொல்லே பிறந்தவுடன் சிறுமைப்பட்டது. இப்போது அந்தச் சொல் இல்லாமல் ஆங்கிலம் எழுத முடியாது.

நிரலன்

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். எங்கள் மென்பொருள் துறையில் தினமும் பார்க்கும் 'டெப்ரிகேட்டட்' இந்தக் குடும்பம்தானா? ஒரு செயற்கூறு 'டெப்ரிகேட்டட்' என்றால் நீக்கப்பட்டது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நீக்கவில்லை, இன்னும் வேலை செய்யும். பயன்படுத்த வேண்டாம், பின்னால் நீக்கப்படலாம் என்ற எச்சரிக்கை மட்டும்தான்.

பழுப்புத்தாள்

அதே குடும்பம் என்று சொல்ல முடியாது, பக்கத்து வீடு. அதன் லத்தீன் மூலத்துக்கு, ஒரு தீங்கு வராமல் இருக்க வேண்டிக்கொள்வது என்று பொருள். 'இது வேண்டாம்' என்பதுதான் அடிப்படை. உங்கள் துறைதான் அந்தப் பழைய பொருளுக்கு நெருக்கமாக வைத்திருக்கிறது. மதிப்பைக் குறைத்தல் என்ற பொருள் 'டிப்ரீஷியேட்' என்ற வேறு சொல்லிலிருந்து வந்து கலந்தது. அது விலை என்ற வேரிலிருந்து வருவது, கணக்கில் தேய்மானம் என்று போடுகிறோமே அது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருந்ததால் கலந்துவிட்டன. தன்னைத் தானே குறைத்துச் சொல்லிக்கொள்பவரை இப்போது 'செல்ஃப்-டெப்ரிகேட்டிங்' என்கிறார்கள். அது அன்போடு சொல்லும் சொல்லும்கூட.

தாழ்வாரம்

தாமதமாக வந்தேன். ஆங்கிலச் சொற்களுக்கு வேர் தேடும்போது நம் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

'பிலிட்டில்'லுக்கு எழுத்துக்கு எழுத்து 'சிறுமைப்படுத்து'. 'டிஸ்பேரிஜ்'க்கு எனக்குப் பிடித்தது 'மட்டம் தட்டு'. ரசமட்டத்தில் வரும் மட்டம் சமநிலை, 'மட்டமான சாமான்' என்பதில் வரும் மட்டம் தாழ்வு. சமமும் தாழ்வும் ஒரே சொல்லில் இருக்கின்றன, அங்கே 'பார்' வேர் இருப்பது போலவே. 'டெனிக்ரேட்' என்றால் லத்தீனில் கருப்பாக்குவது. நாம் 'முகத்தில் கரி பூசினான்' என்கிறோம். அந்தச் சொல்லில் நிறத்தைக் குறையோடு இணைக்கும் படிமம் இருப்பதால் அதைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் தவிர்க்கிறேன்.

'தூற்று' இன்னும் அழகானது. நெல்லைக் காற்றில் வீசிப் பதரைப் பிரிப்பதும் தூற்றுதல், ஒருவர் பெயரை ஊரெல்லாம் வீசுவதும் தூற்றுதல். பழுப்புத்தாள் அக்கா 'கிரிட்டிசைஸ்' வேருக்குப் பிரித்துப் பார்ப்பது என்று சொன்னதும் எனக்கு நெல் தூற்றுவதுதான் நினைவுக்கு வந்தது. மணியைக் காப்பாற்றத்தான் அங்கே பதரைப் பிரிக்கிறோம். ஆளைத் தூற்றும்போது மணியும் போகிறது.

'எள்ளு' என்ற வினை பேச்சில் இப்போது இல்லை, இழந்துவிட்டோமே என்று வருத்தம் உண்டு. 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும்' என்று 667-ஆம் குறளில் வருகிறது. ஓடும் பெருந்தேருக்கு அச்சாணி அளவில் சிறியதுதானே என்று எண்ணிவிடாதே என்கிற இடம். ஜெஃபர்சன் சொன்ன அளவுக் கணக்கும் இதுவும் ஒரே இடத்தைத் தொடுகின்றன.

'விமர்சனம்' பற்றியும் ஒன்று. அது ஆராய்தல் என்ற பொருளில் வந்த வடசொல். 'திரை விமர்சனம்' என்றால் இன்றும் அதே பொருள். 'அவரை விமர்சித்தார்' என்றால் மட்டும் குறை சொன்னார் என்று ஆகிவிடுகிறது. இலக்கியத்துக்குத் 'திறனாய்வு' என்று தனியாக ஒரு சொல் வைத்துக்கொண்டது நல்லதாயிற்று.

செம்பருத்தி

தாழ்வாரம் ஐயா, 'மணியும் போகிறது' என்பதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

அகல், இன்னொரு பயன்பாடும் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் கடிதத்திலேயே உதவும். 'திஸ் இஸ் நாட் டு பிலிட்டில் ஹிஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று தொடங்கினால், அவருடைய அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு உங்கள் எதிர்ப்பை வைக்கலாம். ஆனால் மனதில் அந்த மதிப்பு இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

படிக்கட்டு

அதோடு நாளிதழ்த் தலைப்புச் சொற்களைக் கடிதத்தில் கொண்டுவர வேண்டாம். 'ஸ்லாம்', 'ஃபிளே', 'லாம்பேஸ்ட்' எல்லாம் இடத்துக்குள் அடங்க வேண்டும் என்று தலைப்பில் போடுவது. 'ஃபிளே' என்றால் தோலை உரிப்பது. ஒரு அலுவலகக் கடிதத்துக்கு அது எதற்கு? 'டிஸ்' என்ற கொச்சையும் அப்படியே. 'டிஸ்ரெஸ்பெக்ட்'டைச் சுருக்கி ராப் பாடகர்கள் பரப்பியது, நண்பர்களுக்குள் சரி.

அகல்விளக்கு

இரவு முழுக்கத் திருத்தி எழுதினேன். ஆங்கில வரிகளை இங்கே தமிழ் எழுத்தில் போடுகிறேன், பாருங்கள்.

'அட் தி மீட்டிங், மை மேனேஜர் பாயின்டட் அவுட் டூ ராங் ஃபிகர்ஸ் ஆன் பேஜ் த்ரீ, விச் ஐ ஹாவ் சின்ஸ் கரெக்டட். ஹி ஆல்ஸோ கிரிட்டிசைஸ்ட் தி கன்க்ளூஷன் ஃபார் பீயிங் டூ லாங். ஐ அக்செப்ட் போத் பாயின்ட்ஸ். ஹி தென் புஷ்ட் தி ரிப்போர்ட் பேக் டு மீ அண்ட் செட் தட் எ ஸ்கூல்பாய் குட் ஹாவ் ரிட்டன் இட். ஐ ஃபெல்ட் பிலிட்டில்ட் இன் ஃபிரன்ட் ஆஃப் மை கொலீக்ஸ்.'

எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே ஒன்று தெரிந்தது. முதல் இரண்டு குறைகளையும் நான் கோபத்தில் மறந்தே போயிருந்தேன். பிரித்து எழுதிய பிறகு அந்த மூன்றாவது வாக்கியம் தனியாக நிற்கிறது. முன்பைவிடக் கனமாகத் தெரிகிறது.

பழுப்புத்தாள்

நன்றாக வந்திருக்கிறது அகல். 'பாயின்டட் அவுட்' என்று போட்டது மிகச் சரி. எண் தவறு என்பது உண்மையாக இருக்கும்போது அதுதான் அதற்கான வினை. 'கிரிட்டிசைஸ்'க்கு 'எஸ்' போட்டால் கடிதம் முழுக்க பிரிட்டிஷ் முறையிலேயே போங்கள், வேறு இடத்தில் 'இசட்' வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு திருத்தம். அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாரா ஆங்கிலத்திலா? தமிழில் என்றால், தமிழ் வாக்கியத்தையே மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, அதற்குக் கீழே ஆங்கிலம் கொடுங்கள். 'இதற்கா மூன்று மாதம்' என்பதும் அதில் இருக்கட்டும். உங்கள் வரைவில் அது விட்டுப்போயிருக்கிறது.

அகல்விளக்கு

தமிழில்தான் சொன்னார் அக்கா. சேர்த்துவிட்டேன். இன்று மாலை அனுப்புகிறேன்.